இரண்டாவது வெடி

என் வீட்டுக்காரர் ரெய்னோவைப் பற்றி, மலையும் கடலும் சேர்கிற எங்கள் நேசல் ஊரில் யாரைக் கேட்டாலும், "பாவம், வாயில்லாப் பூச்சி" என்பார்கள். அந்தப் பூச்சியோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும். வாய்தான் கிடையாது, பிடிவாதம் மலையளவு. சாப்பாட்டு மேஜையில் அவர் பேசுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே பாதிதான் கேட்கும். ஆனால் உள்ளுக்குள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால், மரம் இழுக்கிற எந்திரத்தைக் கட்டி இழுத்தாலும் அசைய மாட்டார். சரியான கல்லுளிமங்கன்.

ஆற்றில் வலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். மீன் குறைந்ததும் மலையேறி, வெட்டிச் சாய்த்த மரங்களுக்கு இரும்புக் கயிறு மாட்டுகிற வேலைக்குப் போனார். பிறகு மர மில்லில் ரம்பங்களுக்குக் கூர் வைக்கிற வேலை. அந்த அறையின் இரைச்சலில் இடது காது போயே போய்விட்டது, வலது காதும் அரைகுறை. மில்லை மூடிய அன்று மற்ற ஆண்களெல்லாம் குடிக்கப் போனார்கள். இவர் நேரே வீட்டுக்கு வந்தார். என் சமையலறைக் கத்திகள் அத்தனைக்கும் கூர் வைத்து அடுக்கினார். சனிக்கிழமை என்பதால் பின்கட்டில் இருக்கும் நீராவிக் குளியல் கொட்டகையில் விறகு போட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து மில் முதலாளியை நான்தான் திட்டித் தீர்த்தேன்.

அந்த மனுஷனிடம் ஒரே ஒரு அவசரம் உண்டு. எந்த உயிரும் துடித்துக்கொண்டு கிடப்பதை அவரால் பார்க்க முடியாது. வலையில் சால்மன் மீன் ஏறினால் படகில் விழுவதற்கு முன்பே தலையில் ஒரு போடு போட்டுவிடுவார். சமையலறை ஜன்னலில் குருவி மோதி விழுந்தால், சாப்பிட்ட கையோடு ஓடுவார். எலிப்பொறியில் எலி பாதி மாட்டிக்கொண்டு கீச்சிட்டால், உள்ளாடையோடு எழுந்து போய் அதன் கதையை முடித்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பார். நண்டு சாப்பிடவே மாட்டார், உயிரோடு கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்களாம். கடலோரத்தில் பிறந்துவிட்டு நண்டு வேண்டாம் என்கிற ஆளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

"கொல்லலாம், ஹெல்மி. துடிக்க விடக் கூடாது." அவர் என்னிடம் செய்த பிரசங்கம் மொத்தமும் இவ்வளவுதான்.

மில் மூடிய பிறகு அவருக்குக் கரிமருந்துத் துப்பாக்கி மேல் ஆசை வந்தது. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, நீளக் கம்பியால் கெட்டித்து, கடைசியில் பின்பக்க முனையில் செப்புக் கேப்பு ஒன்றை மாட்ட வேண்டும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கேப்பு, விசையை இழுத்தால் அதுதான் பொறி விட்டு மருந்தைப் பற்ற வைக்கும். அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்தான். இந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கென்று சர்க்கார் தனியாக ஒரு பருவம் விடுகிறது. மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு வீட்டில் கணப்பு முன்னால் உட்கார்ந்த பிறகு, டிசம்பர் மழையில். எங்கள் வில்லாப்பா மலையில் டிசம்பர் மழை எப்படியென்று சொல்லவா வேண்டும். பனியாக மாற மனசில்லாத மழை. கறுப்புவால் மான் அப்போதுதான் அடர்ந்த புதரை விட்டு வெளியே வரும் என்பார் ரெய்னோ. வராமல் என்ன செய்யும், அதற்கும் நனைந்து நனைந்து சலித்துப் போயிருக்கும்.

ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிப்பதற்கு மற்றவர்களுக்கு வெகுநேரம் பிடிக்கும். என் தம்பி உர்ஹோ மருந்தைக் கொட்டுவான், கம்பியைத் தேடுவான், கேப்பைக் கீழே போடுவான், குனிந்து தேடிக்கொண்டே கெட்ட வார்த்தை பேசுவான். ரெய்னோ அப்படியில்லை. ஒரு கோப்பைக் காபியை ஒரு மணி நேரம் குடிக்கிற மனுஷன், முதல் வெடியின் புகை கலைவதற்குள் இரண்டாவதைக் கெட்டித்து முடித்திருப்பார். ஏனென்று உங்களுக்கே தெரியும். மான் விழுந்து உயிரோடு கிடந்தால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் பின்வாசல் படியில் உட்கார்ந்து அதைச் சுத்தம் பண்ணுவார். சுத்தம் பண்ணி முடித்ததும் குழாயின் வாயில் உதட்டை வைத்து, காலி பாட்டிலில் ஊதுகிற மாதிரி ஊதுவார். "ஊம்… ஊம்…" என்று அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் வரும். வசந்த காலத்தில் ஆண் காட்டுக்கோழி மரத்து மேல் உட்கார்ந்து அப்படித்தான் கூப்பிடும். மற்ற பறவைச் சத்தம் எதுவும் அந்தக் காதில் விழாது. இது மட்டும் நெஞ்சில் கேட்கிறது என்பார். "துப்பாக்கி வாயில வாய வைக்கிற மனுஷன எங்கயாவது பாத்திருக்கியா?" என்று உர்ஹோவிடம் நான் கத்துவேன். அவன் சிரிப்பான். இவர் இன்னொரு தடவை ஊதுவார்.

அந்த வருஷம் பருவம் முடிய இரண்டொரு நாள்தான் இருந்தது. ஒரு மான்கூட அமையவில்லை. மலைமேல் மரம் ஏற்றுகிற லாரிகளுக்காக மண் போட்டுச் சமப்படுத்திய திடல் ஒன்று உண்டு. அங்கே எங்கள் பிக்கப் வண்டியை நிறுத்தித் தார்ப்பாய் கட்டியிருந்தோம். நான் வேட்டைக்குப் போவதில்லை. அடுப்பு, காபி, ஏலக்காய் ரொட்டி, திட்டு, இதெல்லாம் என் இலாகா. பக்கத்தில் க்ளைட் பாஸ்கம், உள்ளே படுத்துத் தூங்குகிற தன் இழுவண்டியோடு வந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றால் அது அவரால்தான். முட்டிவலி என்பதால் அந்த வருஷம் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேட்டையாடினார், அதாவது மற்றவர்களுக்கு யோசனை சொன்னார்.

மூடுபனி விழுந்தால் அந்த மலையில் ஆளுக்கு ஆள் தெரியாது. அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெடி கேட்டால் காத்திரு. இரண்டு கேட்டால் மான் விழுந்து முடிந்தது, அடுப்பைப் பற்ற வை. மூன்று கேட்டால் ஆபத்து, ஓடு. இருட்டிய பிறகு ஒரு வெடி கேட்டாலும் ஆபத்துதான், இருட்டில் யாரும் மான் சுட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. இரண்டு வெடி கேட்ட பிறகு, கூப்பிடாமல் உதவிக்குப் போகக் கூடாது. போனால், 'உன் மானை இழுத்து வர உனக்குத் தெம்பில்லை' என்று சொன்ன மாதிரி. ஆம்பிளைகளின் வீம்புக்கு ஒரு அளவே கிடையாது.

விடிந்ததும் ரெய்னோ கிழக்குச் சரிவில் இறங்கினார். நான் அவர் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினேன்.

"ரொம்பக் கீழ போகாத. காது கேக்காத மனுஷன் நீ."

"ம்."

"ம்-னா என்ன அர்த்தம்? போவேன்னா, மாட்டேன்னா?"

"ம்," என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்.

காலைச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் வெடி கேட்டது. கரிமருந்து வெடிப்பது மற்ற துப்பாக்கி மாதிரி படீரென்று இருக்காது, கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். மேற்குச் சரிவுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்த உர்ஹோ, கோப்பையைக் கீழே வைத்தான்.

"மச்சான்தான்," என்றான்.

நானும் கை ஈரத்தோடு நின்றேன். இப்போது இரண்டாவது வரும், இல்லையென்றால் வராது. குறி சரியாக விழுந்திருந்தால் இரண்டாவதற்கு வேலை இல்லை, அவரே கொஞ்ச நேரத்தில் மேலே வந்து கூப்பிடுவார். வரவில்லை. சரி, ஒரே வெடியில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன். துடைத்தேன். பெட்டியில் அடுக்கினேன். உர்ஹோ இரண்டாவது கோப்பைக் காபி ஊற்றிக்கொண்டான். க்ளைட் தன் மருமகள் கதை ஒன்றைத் தொடங்கி, நடுவில் வந்துவிட்டார்.

அப்போது கேட்டது இரண்டாவது வெடி.

க்ளைட் தொடையைத் தட்டினார். "விழுந்தாச்சு கறி. உர்ஹோ, கயித்தக் கட்டுப்பா. ஹெல்மி, இந்தக் கெழவனுக்கு ஈரல்ல ஒரு துண்டு உண்டில்ல?"

உர்ஹோ கப்பிக் கயிற்றை எடுத்துக்கொண்டு, மானைத் தொங்கவிட்டு உரிக்க ஒரு மரக்கிளை பார்க்கப் போனான். ஏனென்று புரியாமலே துடைத்த தட்டையே எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது.

"உர்ஹோ, ரெண்டாவது லேட்டு," என்றேன்.

"என்னக்கா?"

"ரெண்டாவது வெடி. லேட்டா வந்துச்சு. உன் மச்சான் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டாரு."

க்ளைட் சிரித்தார். "மான் ஓடியிருக்கும்மா. அடிபட்ட மான் நின்னுக்கிட்டு இருக்குமா? தேடிக் கண்டுபிடிச்சு முடிச்சிருப்பாரு. நான் எத்தன மானத் தேடியிருக்கேன், தெரியுமா?"

"நீங்க சுட்டது, தேடினது எல்லாம் ஊருக்கே தெரியும், க்ளைட். தபால்பெட்டியத் தவிர வேற எதுவும் உங்க கையில விழுந்ததா நான் கேள்விப்படல."

"பாத்தியாப்பா உன் அக்காவ," என்று உர்ஹோவிடம் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. "ரெய்னோவுக்கு வயசாகுதும்மா. கை கொஞ்சம் மெதுவாகாதா?"

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. மான் ஓடியிருக்கும். மருந்து ஈரமாகி இருக்கும். கை விறைத்திருக்கும். நானே காரணம் சொல்லி, நானே தலையாட்டிக்கொண்டு, புதுக் காபி போட்டேன். காபிப் பொடியில் பாதியை அடுப்பில் கொட்டினேன்.

காபி ஆறியது. மழை வலுத்தது. ரொட்டியை வெட்டி வைத்தேன், உர்ஹோ தின்றான். மதியம் ஆயிற்று. கிழக்குச் சரிவின் விளிம்புக்குப் போய் நின்று பார்ப்பேன். வெள்ளையாகப் பனி, அதில் இரண்டு அடிமரங்கள், அவ்வளவுதான் தெரியும். திரும்பி வருவேன். மறுபடி போவேன்.

"நான் எறங்கப் போறேன்," என்றேன்.

"அக்கா, ரெண்டு வெடி கேட்டுச்சு. கூப்பிடாம போனா மச்சான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

"தூக்கி வெச்சுக்க மூஞ்சி இருக்கான்னு பாத்துட்டு வரேன். நீ வரியா, கயித்தையே கட்டிக்கிட்டு நிக்கிறியா?"

அவன் துப்பாக்கியை எடுத்தான். க்ளைட் எழுந்து நின்றார். அவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்க போங்கம்மா. நான் கீழ ரோட்டுக்குப் போயி ஃபோன் பண்ணி ஆளுங்களக் கூப்பிடுறேன். ஒண்ணுமில்லன்னா என்ன, என்னத் திட்டிட்டுப் போவாங்க." அந்தக் கிழவரை நான் காலையில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

அந்தச் சரிவில் மரத்தையெல்லாம் வெட்டி வருஷக்கணக்கு ஆகிவிட்டது. வெட்டிய இடத்தில் பெரணிச் செடி இடுப்பு உயரம் வளர்ந்து, அடியில் கிடக்கிற கட்டைகளையும் குழிகளையும் மூடியிருந்தது. எங்கே மண், எங்கே வெற்றிடம் என்று காலுக்குத் தெரியாது. உர்ஹோ முன்னால் போனான், அவன் மிதித்த இடத்தில் நான் மிதித்தேன். மிதித்த இடமே இரண்டு தடவை இடிந்தது. ரெய்னோ, ரெய்னோ என்று கத்தினேன். பனி என் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. அவருக்கு அது கேட்கவா போகிறது? மலையில் எனக்கு ஆயிரம் பயம் உண்டு, மலைச்சிங்கம், கரடி, வழுக்குப்பாறை என்று. அன்றைக்கு ஒரே பயம்தான். இருட்டுவதற்குள் அவரைப் பார்க்கவில்லையென்றால், இந்த ஈரத்தில், இந்தக் குளிரில், விடியும் வரை எந்த மனுஷனும் தாங்க மாட்டான்.

உர்ஹோ நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தான். வெடிச்சத்தம் அவர் வலது காதில் விழும். உயிரோடு இருந்தால் பதிலுக்கு ஒன்று வெடிப்பார். காத்திருந்தோம். ஒன்றுமில்லை. உர்ஹோ கெட்டித்து மறுபடி வெடித்தான். கந்தக நாற்றம் எங்களைச் சுற்றி நின்றது. பதில் இல்லை.

"அக்கா," என்றான்.

"வாய மூடு," என்றேன். அவன் எதுவும் சொல்லவில்லைதான். இருந்தாலும் மூடு என்றேன்.

இன்னும் கீழே, மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு சிறு ஓடையில், உர்ஹோ குனிந்து எதையோ எடுத்தான். ரெய்னோவின் தோல் பை. நான்தான் அதன் வாரைத் தைத்தேன். வார் அறுந்திருந்தது. திறந்து பார்த்தான். தீக்குச்சிப் பெட்டி, ஊறிப்போன ரொட்டி, கம்பளிக் கையுறை. அடியில் கேப்பு போட்டு வைக்கிற பித்தளைச் சிமிழ், மூடி திறக்காமல், நிறைய.

உர்ஹோ அதை என்னிடம் நீட்டினான். நான் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதில் வெடி வராததற்கு ஒரு காரணம் இப்போது தெரிந்தது. கேப்பு இங்கே இருக்கிறது. ஆள் எங்கேயோ இருக்கிறார். அவர் செத்துப் போனதால் வெடிக்காமல் இருக்கலாம், கேப்பு இல்லாததால் வெடிக்காமலும் இருக்கலாம். இரண்டும் எனக்கு ஒரே மௌனம்தான். இனிமேல் இருட்டினாலும் வெடி வராது, மூன்றாவதற்காகக் காத்திருந்து பிரயோஜனமில்லை.

"மேலேர்ந்து உருண்டு வந்திருக்கு. ஓடை வழியா மேல ஏறுவோம்," என்றான் உர்ஹோ. என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

ஓடை கொஞ்ச தூரத்தில் மூன்றாகப் பிரிந்தது. எந்தக் கிளை என்று யாருக்குத் தெரியும்? வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. உர்ஹோ இடது பக்கம் என்றான், நான் வலது என்றேன். இருவருக்குமே தெரியாது. அங்கேயே நின்று சண்டை போட்டோம், அந்த நேரத்தில்.

அப்போதுதான் அந்தச் சத்தம். காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தின மாதிரி. ஊம். ஊம். ஊம்.

"காட்டுக்கோழி," என்றான் உர்ஹோ, தானாக. "வாக்கா, இடது பக்கம்."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "காட்டுக்கோழி எப்ப கூப்பிடும்?"

"இப்ப என்னக்கா கோழி ஆராய்ச்சி?"

"எப்படா கூப்பிடும்?"

"மார்ச்சு, ஏப்ரல்…" என்றவன் நிறுத்திக்கொண்டான்.

டிசம்பர் மாதத்தில் எந்தக் கோழிக்குக் காதல் வருகிறது? மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுபடி மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. வலது பக்கம் திரும்பினால் வலது, இடது பக்கம் திரும்பினால் இடது. மரத்தடியில் நின்றுகொண்டே தலைக்கு மேல் இருக்கிற கோழியைத் தேடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வலது கிளையில் கொஞ்சம் ஏறினோம், சத்தம் மெலிந்தது. பதறி இறங்கினோம். நடுக்கிளையில் ஏறினோம். மூன்று ஊம் இரண்டாகக் குறைந்தது. பிறகு ஒன்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

"ரெய்னோ, ஊது," என்று கத்தினேன். காது கேட்காத மனுஷனைப் பார்த்து ஊது ஊது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. உன்னைக் கட்டிக்கொண்டு நான் கண்ட சுகம் இதுதானா என்றுகூடக் கத்தினேன். உர்ஹோ மிச்சமிருந்த மருந்தைக் கெட்டித்து இன்னொரு வெடி வெடித்தான்.

ஊம்.

பக்கத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் என்கிற அளவு பக்கத்தில். உர்ஹோ பெரணியைப் பிளந்துகொண்டு ஓடினான். "இங்க இருக்காருக்கா," என்ற அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

மக்கிப்போன பெரிய அடிமரம் ஒன்று இடிந்து குழியாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மான் கிடந்தது, நாலு கிளைக் கொம்புள்ள கடா. அதன் வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் கிடந்தார். வலது கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. உதடு நீலம். துப்பாக்கியை மார்போடு அணைத்து, அதன் வாயில் வாயை வைத்திருந்தார். கன்னத்தைத் தொட்டேன், மீன் மாதிரி குளிர்ந்திருந்தது. கண் திறந்தது.

"சூடா இருந்துச்சு, ஹெல்மி," என்றார். மானைச் சொன்னார். "இப்பதான் ஆறிடுச்சு."

என் கோட்டு, உர்ஹோவின் கோட்டு, எல்லாவற்றையும் அவர்மேல் போட்டு, அதன்மேல் நானும் படுத்துக்கொண்டேன். மேலே க்ளைட் கூட்டி வந்த ஆட்களின் ஹாரன் கேட்டது. உர்ஹோ வழிகாட்ட மேலே ஓடினான். அந்த நேரத்தில்தான், விட்டு விட்டு, பல் அடித்துக்கொண்டே, என்ன நடந்தது என்று சொன்னார்.

முதல் வெடியில் மான் விழுந்தது, ஆனால் சாகவில்லை. எழப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. கெட்டித்துவிட்டுப் போகலாம் என்று நிற்கவில்லை, போய்க்கொண்டே கெட்டிக்கலாம் என்று ஓடியிருக்கிறார், அறுபது தாண்டிய மனுஷன். மக்கிய கட்டையில் கால் வைத்தார், அது வாயைத் திறந்து விழுங்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. பை அறுந்து உருண்டு போய்விட்டது. கோட்டுப் பையில் ஒரே ஒரு தடவைக்கான மருந்தும் குண்டும் ஒரு குப்பியில் இருந்தன. கால்சட்டையில் கடிகாரம் வைக்கிற சின்னப் பையில், எப்போதோ போட்டு மறந்த ஒரு கேப்பு இருந்தது. ஒன்றே ஒன்று.

"அத வெச்சிருந்து இருட்டினப்புறம் வெடிச்சிருக்கலாமே. இருட்டுல ஒண்ணு கேட்டா போதுமே, நாங்க ஓடி வந்திருப்போமே."

"தெரியும்."

"காலைலயே வெடிச்சா ரெண்டாவதுன்னு கணக்காயிடும். கறி விழுந்துச்சுன்னு நான் காபி போடுவேன். அதுவும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

மானின் பக்கம் கண்ணைத் திருப்பினார். அதன் காதுக்குப் பின்னால் சின்னதாக, சுத்தமாக ஒரு துளை இருந்தது. முறிந்த இடுப்போடு அடிமரத்தில் சாய்ந்து, அந்த நீளக் குழாயை நிமிர்த்தி, கம்பியைத் தள்ளித் தள்ளிக் கெட்டித்திருக்கிறார். அதற்குத்தான் அத்தனை நேரம். நான் பாத்திரம் கழுவி முடித்து, துடைத்து, அடுக்கி முடித்த நேரம். அதன்பிறகு அந்த ஒற்றைக் கேப்பை மாட்டி மானுக்குக் கொடுத்துவிட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "மானத் துடிக்க விடக் கூடாது. நான் காலைலேர்ந்து துடிச்சேனே, அது பரவால்லயா உனக்கு?"

"ரெண்டாவது லேட்டாச்சு," என்றார். "நீ கவனிச்சிருப்பே. திட்டிக்கிட்டே நீ வருவன்னு நம்பி இருந்தேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மயக்கமாகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு இரும்பு வைத்தார்கள். க்ளைட்டும் உர்ஹோவும் மானை இறக்கி உரித்து வெட்டி எங்கள் குளிர்பெட்டியை நிரப்பினார்கள். க்ளைட் ஈரலைத் தொடவில்லை, தானாகவே வேண்டாம் என்றுவிட்டார். உருளைக்கிழங்கு போட்டு அந்தக் கறியில் நான் வைத்த குழம்பை ரெய்னோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த டிசம்பரில் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். போகாதே என்றால் நிற்கிற ஆளா? கோட்டின் ஒவ்வொரு பையிலும், தொப்பி மடிப்பிலும், உள்சட்டை ஓரத்திலும் கேப்புகளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேஜையின் அந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், நேராப் பதில் சொல்லு," என்றேன், நல்ல காதுப் பக்கமாக நின்று. "இதெல்லாம் போயிடுச்சு, மறுபடி ஒரே ஒரு கேப்புதான் மிச்சம்னு வெச்சுக்க. மான் ஒரு பக்கம் கெடக்கு. இங்க நான் இருக்கேன். என்ன பண்ணுவே?"

காது கேட்கவில்லை என்று நடிக்கக்கூட இல்லை அந்த மனுஷன். என்னைப் பார்த்தார். கோப்பைக்குள் பார்த்தார். சர்க்கரையே போடாத காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பையைத் தைக்க ஆரம்பித்தேன்.